கரிபியன் ஸ்டட் மேசையில் ஏழு பேரும் கூட்டுச் சேர்ந்தால் காசினோவை வெல்ல முடியுமா?

ஒற்றைச்சீட்டு:

சென்ற மாதம் புளோரிடாவிலிருந்து புறப்பட்ட ஒரு சொகுசுக் கப்பலில் அலுவலக நண்பர்கள் ஆறு பேரும் நானும் ஒரே மேசையில் அமர்ந்து கரிபியன் ஸ்டட் என்ற சீட்டாட்டம் ஆடினோம். ஏழு இருக்கைகளிலும் நாங்களே இருந்தோம். இரண்டாவது சுற்றில் டீலரின் திறந்த சீட்டு ஏழாக வந்தது. என் பக்கத்தில் இருந்தவர், "எங்கிட்ட ரெண்டு ஏழு இருக்கு, அவருக்கு ஜோடி சேர்றது கஷ்டம்" என்று தமிழில் சொன்னார். டீலர் உடனே ஆட்டத்தை நிறுத்தி, மேசையில் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்றும், கையிலுள்ள சீட்டைப் பற்றி எந்த மொழியிலும் பேசக் கூடாது என்றும் மரியாதையாகவே சொல்லிவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் தலைகள் ஒரே நேரத்தில் அவருடைய திறந்த சீட்டின் பக்கம் திரும்பியதைத்தான் அவர் கவனித்திருக்க வேண்டும்.

அன்றிரவு முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. எங்கள் ஏழு பேரிடமும் 35 சீட்டுகள் இருந்தன, டீலரின் திறந்த சீட்டையும் சேர்த்தால் 36. அத்தனையையும் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தால் காசினோவின் சாதகம் எங்கள் பக்கம் திரும்பியிருக்குமா? காசினோ இதைத் தடுப்பது உண்மையான அச்சத்தாலா, அல்லது வெறும் ஒழுங்குக்காகவா? ஏமாற்று வழி தேடி நான் இதைக் கேட்கவில்லை. கணக்கு எங்கே போய் நிற்கிறது என்று அறியவே விரும்புகிறேன்.

எண்ணுழவன்:

நல்ல கேள்வி. முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிவிடலாம். ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் எதிராக ஆடும் போக்கர் அறையில் இருவர் கூட்டுச் சேர்ந்தால் மூன்றாமவரின் பணம் போகிறது. அது பழைய மோசடி, அங்கு அது எளிதில் பலன் தரும். நீங்கள் ஆடியது அதுவன்று. கரிபியன் ஸ்டட், த்ரீ கார்டு போக்கர், லெட் இட் ரைடு, மிசிசிப்பி ஸ்டட், அல்டிமேட் டெக்சாஸ் ஹோல்டம் ஆகிய ஆட்டங்களில் ஒவ்வொருவரும் காசினோவோடு தனித்தனியாக மோதுகிறார்கள். பக்கத்து இருக்கைக்காரரின் வெற்றி தோல்வி உங்களைத் தொடுவதே இல்லை. ஆகவே கூட்டாட்டத்தால் இங்கே கிடைக்கக்கூடியது தகவல் ஒன்றுதான்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காக விதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லோரும் ஒரு முன்பணயம் வைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து சீட்டு, டீலருக்கும் ஐந்து, அவற்றில் ஒன்று மட்டும் திறந்திருக்கும். நீங்கள் முன்பணயத்தை இழந்து விலகலாம், அல்லது அதைப் போல இரு மடங்கைக் கூடுதலாகக் கட்டலாம். டீலரிடம் ஏஸும் ராஜாவுமோ அதற்கு மேலோ (ஒரே எண்ணில் இரண்டு சீட்டான ஜோடி போன்றவை) இருந்தால்தான் அவருடைய கை 'தகுதி' பெறும். தகுதி பெறாவிட்டால் உங்கள் முன்பணயத்துக்கு ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும், கூடுதலாகக் கட்டியது அப்படியே திரும்பிவிடும். தனியாக, சரியான உத்தியோடு ஆடினால் காசினோவின் சாதகம் முன்பணயத்தில் 5.22 விழுக்காடு. இது மேசை ஆட்டங்களில் சற்றே கனமான வரி.

இனி உங்கள் ஏழுக்கு வருவோம். ஒரு முன்பணயத்தை ஒரு பங்கு என்று கொள்வோம். கையில் ஒன்றுமே இல்லாத ஒருவர் விலகினால் 1 பங்கை இழக்கிறார். துணிந்து கட்டினால், டீலர் தகுதி பெறும்போது 3 பங்கை இழக்கிறார், பெறாதபோது 1 பங்கு வெல்கிறார். டீலர் தகுதி பெறும் வாய்ப்பு பாதிக்குக் கீழே இறங்கினால், ஒன்றுமில்லாத கையோடும் கட்டுவதே மேல் என்பதை இதிலிருந்து காகிதமே இல்லாமல் கண்டுகொள்ளலாம். சாதாரணமாக அந்த வாய்ப்பு சுமார் 56 விழுக்காடு. மற்ற மூன்று ஏழுகளும் உங்கள் கைகளில் இருப்பது தெரிந்துவிட்டால் திறந்த சீட்டில் ஜோடி விழும் வழி முற்றாக அடைபடுகிறது. என் கணக்கில் தகுதி வாய்ப்பு 41 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்த நிலையில் மேசையில் யாருமே விலகக் கூடாது. விலக வேண்டிய ஒவ்வொரு கையும் 1 பங்கை இழப்பதற்குப் பதிலாகச் சராசரியாக 0.66 பங்கை மட்டுமே இழக்கும்.

திறந்த சீட்டின் அதே எண்ணுள்ள மற்ற மூன்று சீட்டுகளும், அதாவது துணைச் சீட்டுகளும், ஏழு பேரின் 35 சீட்டுகளுக்குள் அகப்படுவது 31 விழுக்காடு சுற்றுகளில் நிகழும். திறந்த சீட்டு ஏஸோ ராஜாவோ ஆகும் சுற்றுகளைத் தள்ளி, சாதாரணமாக விலக வேண்டிய கைகள் பாதிக்குச் சற்றுக் குறைவு என்பதையும் சேர்த்துப் பெருக்கினால், இந்த ஒரே ஒரு தகவல் சுமார் 4 விழுக்காட்டை மீட்டுத் தருகிறது. 5.22இலிருந்து 4 போனால் மீதி ஒன்றுக்குச் சற்று மேல். உங்கள் நண்பர் தன்னை அறியாமலே சரியான சீட்டைத்தான் சொல்லியிருக்கிறார்.

கப்பல்காரர்:

நான் ஒன்பது ஆண்டுகள் கப்பல்களில் டீலராக இருந்தவன், அதில் பாதிக் காலம் இதே மேசையில் நின்றிருக்கிறேன். கணக்குச் சொன்னவர் சரியாகவே சொன்னார். ஆனால் மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரியும் என்பதை நான் சொல்கிறேன்.

ஒருவர் தன் ஐந்து சீட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சாதாரணமாக நான்கைந்து வினாடிகளே எடுத்துக்கொள்கிறார். ஒரு பயணி சீட்டைக் கவிழ்த்து அதன் மேல் சிப்பை (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்டை) வைக்கும் விதம் முதல் நான்கு சுற்றுகளிலேயே எனக்குப் பழகிவிடும். சிலர் நடுவில் வைப்பார்கள், சிலர் விளிம்பில் தள்ளிவிடுவார்கள், அதை அவர்கள் மாற்றுவதே இல்லை. கூட்டாக ஆட வந்தவர்களிடம் முதலில் மாறுவது அந்தப் பழக்கம்தான். ஒருமுறை ஐந்து பேர் அமர்ந்திருந்தார்கள். திறந்த சீட்டோடு சேரும் சீட்டுக் கையில் ஒன்று இருந்தால் சிப்பைச் சீட்டின் இடது மூலையிலும், இரண்டு இருந்தால் வலது மூலையிலும், இல்லாவிட்டால் நடுவிலும் வைத்தார்கள். அவர்களில் யாருமே தன் சீட்டை நெடுநேரம் பார்க்கவில்லை. சீட்டைப் பார்த்தார்கள், சிப்பை வைத்தார்கள், அதன்பின் மற்றவர்களுடைய சிப்புகளை வரிசையாகப் பார்த்தார்கள். காசினோவில் தன் பணத்தைப் பார்க்காமல் அடுத்தவர் சிப்பின் இடத்தைப் பார்ப்பவர் மிக அரிது. முதல் இருக்கைக்காரர் கடைசி இருக்கைக்காரருக்காகக் காத்திருந்ததால் ஒவ்வொரு சுற்றும் இழுத்தது. சுற்று இழுத்தால் மேற்பார்வையாளர் வந்து என் தோளுக்குப் பின்னால் நிற்பார், அவர் நின்றால் மேலே இருக்கும் கேமராவும் திரும்பும்.

அன்று யாரையும் கைது செய்யவில்லை, வெளியேற்றவும் இல்லை. சீட்டைப் பார்த்தவுடன் வரிசைப்படி முடிவைச் சொல்ல வேண்டும் என்று மேற்பார்வையாளர் அறிவித்தார். முதல் இருக்கைக்காரர் மற்ற நால்வரின் சிப்பைப் பார்க்குமுன் முடிவெடுக்க வேண்டியதாயிற்று. அரை மணி நேரத்தில் அவர்களே எழுந்து போய்விட்டார்கள்.

எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் கூட்டாட்டத்துக்கு ஒதுக்கிய நேரம் சொற்பம். சீட்டை மாற்றுவது, தாமதமாகச் சிப்பைச் சேர்ப்பது, டீலரின் கவிழ்ந்த சீட்டைக் கீழிருந்து எட்டிப் பார்ப்பது ஆகியவற்றைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

பகடை52:

கப்பல்காரர் ஐயா பிடித்தது திறமையற்ற ஐவரை. நன்றாகப் பயிற்சி பெற்ற ஏழு பேர் வந்தால்? எண்ணுழவன் ஐயா ஒரே ஒரு தகவலால் 4 விழுக்காடு மீண்டதாகக் காட்டினார். ஏஸும் ராஜாவும் எத்தனை வெளியே போயின என்பதையும் சேர்த்தால் மீதி ஒரு விழுக்காடும் போய்விடாதா? மேலும் கரிபியன் ஸ்டட் இப்போது பல ஊர்களில் குறைந்துவிட்டது. இன்றைய கூட்டமெல்லாம் அல்டிமேட் டெக்சாஸ் ஹோல்டம் மேசையில்தான். அங்கே காசினோவின் சாதகம் முன்பணயத்தில் 2.19 விழுக்காடு மட்டுமே. கடக்க வேண்டிய மதில் உயரம் குறைவாக இருக்கும்போது கூட்டாட்டம் எளிதாக வேண்டும் அல்லவா? பல மேசைகளில் ஆட்டக்காரர்கள் "எங்கிட்ட ஒரு ராணி போயிடுச்சு" என்று வெளிப்படையாகவே பேசிக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன், டீலரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

எண்ணுழவன்:

உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான விடை உண்டு. பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தின் கணிதத்தில் பெரும்பெயர் பெற்ற பீட்டர் கிரிஃபின், ஜான் க்வின் என்பவரோடு சேர்ந்து கரிபியன் ஸ்டட்டை முழுமையாக ஆராய்ந்தார். ஏழு பேரும் எல்லாச் சீட்டையும் பகிர்ந்துகொண்டு, ஒவ்வொரு முடிவையும் கணினி எடுப்பதுபோல் பிழையின்றி எடுத்தால், ஆட்டக்காரர்களுக்கு 2.3 விழுக்காடு சாதகம் கிடைக்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆகவே கொள்கையளவில் காசினோவை வெல்லலாம். அதை நான் மறுக்கவே இல்லை.

அந்த 2.3 எங்கிருந்து வருகிறது என்று ஒரு சுற்றை எடுத்துப் பாருங்கள். தனியாக ஆடுபவருக்கு 46 சீட்டு தெரியாது, டீலரின் நான்கு கவிழ்ந்த சீட்டுகள் 1,63,185 வகையாக அமையலாம். ஏழு பேருக்கும் சேர்த்துத் தெரியாதவை 16 மட்டுமே, அவற்றிலிருந்து 1,820 அமைப்புகள்தான் உண்டு. டீலரின் திறந்த சீட்டு ஏழு. மற்ற மூன்று ஏழுகளும் நான்கு ஏஸ்களும் உங்களிடம் இருக்கின்றன. மீதி 16 சீட்டில் ஐந்து எண்கள் இரட்டையாகவும் ஆறு எண்கள் ஒற்றையாகவும் கிடக்கின்றன என்று கொள்வோம். 1,820இல் 1,375 அமைப்புகளில் ஜோடியே விழாது, ஏஸ் இல்லாததால் ஏஸ்-ராஜாவும் வராது. வரிசைச் சீட்டு (அடுத்தடுத்த ஐந்து எண்கள்) விழும் சிலவற்றைக் கழித்தாலும் டீலர் தகுதி பெறுவது நான்கில் ஒரு முறைக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஒன்றுமில்லாத கையும் ஏறக்குறைய நட்டமின்றி முடியும். ஆனால் ஏழு அல்லது வேறொரு சீட்டு திறந்திருக்க, இந்த ஏழு சீட்டுகளும் உங்களிடம் அகப்படுவது சுமார் 17 சுற்றுக்கு ஒரு முறை. மற்றச் சுற்றுகளில் நிலைமை இத்தனை பளிச்சென்று இருக்காது. இரண்டு ஏஸ் போயிருக்கும், ஒரு ராஜா மீந்திருக்கும், மூன்று ஒன்பதுகள் கிடக்கும். தகுதி வாய்ப்பு 48ஆ 52ஆ என்று தீர்மானிக்க வேண்டும். அங்கேதான் கணினி தேவைப்படுகிறது, மனிதமூளை திணறுகிறது. ஏழு பேர் ஐந்து ஐந்து சீட்டை நான்கைந்து வினாடிக்குள் சைகையில் சொல்லி முடிப்பதும் நடவாத காரியம்.

உங்கள் இரண்டாவது கேள்வி சுவையானது, ஆனால் மதில் உயரம் மட்டும் போதாது, தகவலின் கனமும் வேண்டும். கரிபியன் ஸ்டட்டில் பக்கத்தவரின் ஐந்து சீட்டு உங்களுக்குத் தெரிகிறது; ஹோல்டமிலும் மிசிசிப்பியிலும் இரண்டு மட்டுமே. மிசிசிப்பியில் கணக்கு எளிது, அதையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கையில் இரண்டும், எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் பொதுச்சீட்டு இரண்டுமாக ராஜா, ஜாக்கி, 8, 6 இருக்கின்றன, இதுவரை மூன்று பங்கு கட்டியிருக்கிறீர்கள், கடைசிப் பொதுச்சீட்டுக்கு இன்னொரு பங்கு கட்டுவதா என்பது கேள்வி. ராஜாவோ ஜாக்கியோ விழுந்தால் நான்கு பங்கு வெற்றி, எட்டோ ஆறோ விழுந்தால் பணம் திரும்பும், வேறெது விழுந்தாலும் நான்கும் போகும். தனியாக இருந்தால் தெரியாத 48 சீட்டில் 6 வெற்றி, 36 தோல்வி, ஆகச் சராசரி இழப்பு 2.5, விலகினால் 3. ஆகவே கட்ட வேண்டும். உடன் ஐந்து பேர் இருந்து, அவர்கள் கையில் இரண்டு ராஜா, இரண்டு ஜாக்கி, ஓர் எட்டு, ஓர் ஆறு போய்விட்டன என்று தெரிந்தால், மீதி 38இல் வெற்றி 2, திரும்புவது 4, தோல்வி 32. இழப்பு 3.16 ஆகிறது, விலகுவதே சரி. இத்தனை பேர் இத்தனை சீட்டைச் சொல்லி, ஒருவருக்கு மிஞ்சியது 0.16 பங்கு. அதுவும் இப்படி ஒரு கை அமைந்த சுற்றில் மட்டும். டீலர்கள் அந்த மேசைகளில் பேச்சைப் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வழக்காடி:

சட்டத்தையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் "கணினி எடுப்பதுபோல்" என்ற சொல் சிலருக்கு ஆசையைத் தூண்டலாம். லாஸ் வேகாஸ் இருக்கும் அமெரிக்க மாநிலமான நெவாடாவில் ஆட்டத்தின் போக்கைக் கணிக்க உதவும் எந்தக் கருவியையும் காசினோவில் பயன்படுத்துவதோ, பயன்படுத்தும் நோக்கத்தோடு வைத்திருப்பதோ 1985 முதல் குற்றம். செருப்புக்குள் கணினி வைத்து பிளாக்ஜாக் ஆடியவர்களின் காலத்துக்குப் பின் வந்த சட்டம் அது. கைப்பேசியும் அதில் அடங்கும்.

கருவி இல்லாமல் சைகை மட்டும் காட்டினால்? அங்கே நிலைமை வேறு. டீலரின் கவிழ்ந்த சீட்டை வெறுங்கண்ணால் பார்த்துத் தன் கூட்டாளிக்குச் சைகை காட்டிய ஒருவரின் வழக்கில், அது ஏமாற்று ஆகாது என்ற தீர்ப்பை நெவாடா உச்ச நீதிமன்றம் 1983இல் உறுதி செய்தது. அவர் தன் இருக்கையில் நேர்மையாக அமர்ந்து, தன் கண்ணுக்குத் தெரிந்ததைப் பார்த்தார் என்பதே அடிப்படை. ஆனால் அதை எல்லா நாட்டுக்கும் பொருத்திவிடக் கூடாது. பிரிட்டனில் சீட்டின் பின்புறக் கோலத்திலிருந்த நுண்ணிய வேறுபாட்டை வைத்து 77 லட்சம் பவுண்டு வென்ற போக்கர் ஆட்டக்காரர் ஃபில் ஐவி, அந்தப் பணத்தைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். டீலரைத் தன் விருப்பப்படி சீட்டைத் திருப்ப வைத்தது ஏமாற்றே என்று 2017இல் தீர்ப்பாயிற்று. தான் செய்வது நேர்மையே என்று அவர் மனதார நம்பியதும் அவரைக் காப்பாற்றவில்லை.

சட்டம் தண்டிக்காவிட்டாலும், நெவாடாவில் காசினோ தன் இடத்தில் உங்களை ஆட வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கப்பலிலோ கேட்கவே வேண்டாம்.

கப்பல்காரர்:

நான் முன்பு சொல்ல வந்த காரணத்தை வழக்காடி ஐயாவின் பதிவு நினைவூட்டுகிறது. டீலர் சீட்டை எடுக்கும்போது கையைச் சற்றே உயர்த்தினால் ஒரு முனை தெரிந்துவிடும். த்ரீ கார்டு போக்கரில் டீலரின் ஒரே ஒரு சீட்டைப் பார்த்துவிட்டவருக்கு ஆட்டக்காரர் பக்கமே 3.48 விழுக்காடு சாதகம். அவருக்குக் கூட்டாளி வேண்டாம், சைகை வேண்டாம், பேசவும் வேண்டாம். ஜாக்கி அல்லது அதற்குக் கீழே தெரிந்தால் எதையும் கட்டு, ராணி தெரிந்தால் ராணி-9-2க்கு மேல் கட்டு என்று ஒரு வரியில் அடங்கும் உத்தி. ஏழு பேர் கணினியோடு உழைத்துப் பெறும் 2.3ஐ விட, தளர்ந்த மணிக்கட்டுள்ள ஒரு டீலர் தருவது அதிகம். எங்கள் மேற்பார்வையாளர் உங்கள் வாயைவிட என் மணிக்கட்டைத்தான் அதிகம் கவனித்தார்.

பகடை52:

இருக்கலாம். ஆனாலும் 2.3 விழுக்காடு என்பது சிறிய எண்ணன்று. பிளாக்ஜாக்கில் சீட்டெண்ணுபவர்கள் (எந்தச் சீட்டுகள் வெளியே வந்துவிட்டன என்று மனதில் கணக்கு வைப்பவர்கள்) ஒரு விழுக்காட்டுக்காகவே ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். ஏழு பேர் கொண்ட குழு அதை ஏன் விட வேண்டும் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எண்ணுழவன்:

சீட்டெண்ணுபவர் தனக்குச் சாதகமான நேரத்தில் மட்டும் பணயத்தைப் பல மடங்கு உயர்த்துகிறார். கரிபியன் ஸ்டட்டில் சீட்டு வருவதற்கு முன்பே முன்பணயத்தை வைத்துவிடுகிறீர்கள். கூடுதலாகக் கட்டுவதும் இரு மடங்கோடு நின்றுவிடுகிறது.

கூலியைக் கணக்கிட்டுப் பாருங்கள். முன்பணயம் 10 டாலர், மணிக்கு 35 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஏழு பேரும் சேர்ந்து 245 கைகள், மொத்த முன்பணயம் 2,450 டாலர், அதில் 2.3 விழுக்காடு 56 டாலர். ஏழாகப் பிரித்தால் ஆளுக்கு 8 டாலர். நெவாடாவில் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 12 டாலர். ஒரு பிழையும் இல்லாமல், யார் கண்ணிலும் படாமல் ஆடியதற்குக் கிடைப்பது இது. முன்பணயத்தை 100 டாலராக்கினால் ஆளுக்கு 80 டாலர் ஆகும், உண்மை. ஆனால் எல்லோரும் ஒரே டீலர் கையை எதிர்த்து ஆடுவதால் உங்கள் அதிர்ஷ்டம் ஏழாகப் பரவுவதில்லை. எல்லோரும் கட்டிய சுற்றில் டீலருக்கு நல்ல ஜோடி விழுந்தால் 21 பங்கு, அதாவது 2,100 டாலர், ஒரே நொடியில் போகும். அந்தத் தொகையில் ஏழு பேர் ஆடும் மேசையைக் கேமராவும் சும்மா விடாது.

ஒற்றைச்சீட்டு:

எல்லோருக்கும் நன்றி. எனக்கு இன்னும் ஒன்று மட்டும் தெரிய வேண்டும். ஏழு பேர் சேர்வது கடினம், ஒப்புக்கொள்கிறேன். நெருங்கிய நண்பர்கள் மூன்று பேர், துணைச் சீட்டு எத்தனை என்ற ஒற்றைத் தகவலை மட்டும் பகிர்ந்துகொண்டால், அந்த 4 விழுக்காட்டில் பாதியாவது கிடைக்குமா?

எண்ணுழவன்:

கிடைக்காது, ஏனெனில் இது பங்குக்குப் பங்கு குறைவதில்லை. மூன்று துணைச் சீட்டுகளும் ஒன்றாக உங்கள் கூட்டத்துக்குள் அகப்பட வேண்டும் என்பதே நிபந்தனை. ஏழு பேரிடம் 35 சீட்டு இருக்கும்போது அது 31 விழுக்காடு சுற்றுகளில் நடக்கிறது. ஆறு பேர் என்றால் 19.5, ஐந்து பேர் என்றால் 11. மூன்று பேரிடம் 15 சீட்டுதான். அங்கே அது 2.2 விழுக்காட்டுக்கு, அதாவது 46 சுற்றுக்கு ஒரு முறை என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. மீட்கும் சாதகமும் அதே வேகத்தில் சரிந்து 0.3 விழுக்காட்டில் நிற்கும். 5.22 என்பது 4.9 ஆகும். அந்த ஒரு சுற்று வருவதற்குள் மீதி 45 சுற்றுகளில் காசினோ தன் வரியை வழக்கம்போல் வாங்கியிருக்கும்.